முழங்கைக்கு ஹெல்மெட் போட்ட மருமகனுக்கு

வாங்க மருமகனே, இஸ்தோப்புல உக்காருங்க. இல்ல, நிக்கிறதுதான் சுகம்னா நில்லுங்க. உக்கார்ற எடத்துலதான் தோல் போயிருக்குன்னு கேள்வி. கொட்டகலை தாண்டி டெவன் நீர்வீழ்ச்சி தெரியுற முடக்குல, கொழுந்தெடுத்துக்கிட்டிருந்த பொம்பளைங்க அத்தன பேரும் பாக்க, ரோட்டுல படுத்துக்கிட்டே ஊர்வலம் போனீங்களாமே. அருவியப் படம் பிடிக்க வந்த வெள்ளைக்காரன் அருவிய விட்டுட்டு உங்களப் பிடிச்சானாம். நம்ம லயத்துலருந்து வெளிநாட்டுக்குப் போற மொதப் படம் உங்களோடதுதான். பெருமையா இருக்கு.

இந்தா, பிளேன்டியக் குடி. ஹெல்மெட் போட்டிருந்தானான்னு விசாரிச்சேன். போட்டிருந்தானாம், எடது முழங்கையில. அதான் ஒடம்புல அந்த முழங்கை மட்டும் சிராய்ப்பில்லாம தப்பிச்சிருக்கு. நெத்தி புடைச்சதப் பத்திக் கவலப்படாத, நீ அத அதிகமாப் பாவிக்கிற ஆள் இல்லயே.

மோட்டார் சைக்கிள் சரியில்லன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறியாம். சரியில்லதான். 2020 மார்ச்சுல வாகன இறக்குமதிய நிப்பாட்டி, 2025லதான் திரும்பத் தொறந்து விட்டாங்க. அதுவரைக்கும் நம்ம பக்கம் ஓடுனதெல்லாம் கைமாறிக் கைமாறி வந்த பழசு. நீயும் அப்பிடி ஒண்ண வாங்கி, டேங்குக்கு ஸ்டிக்கர் ஒட்டுன, கண்ணாடியக் கழட்டி வீசுன, சைலன்சரக் கத்த வச்ச. பின் டயரக் குனிஞ்சு பாத்தியா? அதுல பட்டன் இருந்த எடமே தெரியல. டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் அடிச்சிருக்கும். மொத ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 2314ன்னு இருந்தா 2014ஆம் வருஷத்து 23ஆவது வாரத்துல செஞ்சது. உன் டயருக்கு வயசு பாத்தா அதத் தாத்தான்னு கூப்பிட்டு நீ கும்பிடு போடணும்.

ஆனா உன்ன விழுத்தாட்டுனது டயர் மட்டுமில்ல, உன் வலது காலு. முடக்கத் திரும்புனா எதுக்க மரக்கறி லொறி. நீ என்ன செஞ்ச? பின் பிரேக்குல ஏறி நின்ன. முன் பிரேக்க ஒரு வெரலாலகூடத் தொடல. ஏன்னு கேட்டா, தொட்டா குப்புறத் தள்ளிரும்னு யாரோ சொன்னானாம். அந்த யாரோவ எனக்குத் தெரியும், அவனும் கானுக்குள்ள கெடந்து எந்திரிச்சவன்தான்.

கேளு. பிரேக் பிடிச்சா பாரமெல்லாம் முன் சக்கரத்துக்குப் போகும். இறக்கத்துல இன்னும் கூடப் போகும். பின் சக்கரம் லேசாயிரும். லேசான சக்கரத்த நீ மிதிச்சா அது சுத்துறத நிப்பாட்டிரும். ஆனா சைக்கிள் நிக்காது. சுத்தாத சக்கரத்துக்கு நேராப் போகணும்னு ஒரு கட்டாயமும் இல்ல, அது பாட்டுக்குப் பக்கவாட்டுல கெளம்பி உன்ன முந்தப் பாக்கும். அதனால முடக்குக்கு முன்னாடியே, சைக்கிள் நேரா நிக்கும்போதே, முன் பிரேக்க ரெண்டு வெரலால மெல்ல மெல்ல இறுக்கு. பின் பிரேக் சும்மா தொணைக்கு. முன் பிரேக்கப் படக்குனு பிடிச்சா அதுவும் வழுக்கும், ஈரத்துல இன்னும் சீக்கிரம்.

அப்பிடியும் பின்னால வழுக்கிருச்சுன்னு வையி. வால் இன்னும் நேர்லதான் இருக்குன்னா கால எடு. சக்கரம் சுத்தும், பிடிப்பு வரும், அப்புறம் லேசாத் தொடு. வால் நல்லாப் பக்கவாட்டுல திரும்பின பொறகுதான் ஒனக்கு ஞானம் வருதுன்னா, கால எடுக்காத. அந்த நெலையில விட்டா சக்கரம் திடீர்னு ரோட்டக் கவ்வும், முரட்டு மாடு கொம்புல தூக்கி எறியுற மாதிரி உன்ன மறுபக்கம் எறியும். வழுக்கி விழுந்தா தோல்தான் போகும், எறிபட்டா எலும்பு. அப்பிடியே மிதிச்சபடி, போக வேண்டிய பக்கத்தப் பாத்துக்கிட்டே நிக்க விடு. நீ லொறியப் பாத்த, லொறிகிட்டயே போன. கண்ணு எங்கயோ சைக்கிளும் அங்க.

ஏத்தத்துல ஈர முடக்குல கேஸ் கொடுத்து வழுக்கினா வேற வைத்தியம்: கேஸ ஒரேடியா மூடாத, கொஞ்சம் கொஞ்சமாக் கொற. இறக்கத்துல கியரக் கொறச்சா கிளச்ச மெல்ல விடு. பொத்துன்னு விட்டா பிரேக்கத் தொடாமலே பின் சக்கரம் பூட்டிக்கும்.

இன்னொரு கெட்டித்தனமும் காதுக்கு வந்துச்சு. 2022ல பெற்றோலுக்குக் கியூஆர் காட்டி வரிசையில நின்ன காலத்துல, நியூட்ரல்ல உருட்டி விட்டு எண்ணெய் மிச்சம் பிடிச்சாங்க. வரிசை போயிருச்சு, அந்தப் பழக்கம் உன்ன விட்டு மட்டும் போகல. நியூட்ரல்ல இறங்குனா எஞ்சின் இழுத்துப் பிடிக்காது, அத்தன வேலையும் பிரேக்குக்குத்தான். எந்தக் கியர்ல ஏறுனியோ அந்தக் கியர்லயே இறங்கு. நீ மிச்சம் பிடிச்ச எண்ணெய வித்தா மருந்துக் கடையில பஞ்சு வாங்கக் காணுமா?

நம்ம ரோட்டுக்கும் கொஞ்சம் மரியாத குடு. தென்மேல் பருவம் தொடங்கி மொதத் தூத்தல் விழும்போதுதான் மோசம்; வெயில்ல ஊறுன எண்ணெயெல்லாம் தண்ணிக்கு மேல வந்து மெதக்கும். நல்லாக் கழுவுற மழ வரைக்கும் பொறு. முடக்குல பஸ் சிந்துன டீசல், மலையிலருந்து டிராக்டர் கொண்டு வந்து போட்ட செம்மண்ணு, டர்பன்டைன் மரத்து எலை, மஞ்சக் கோடு, எல்லாம் ஈரத்துல ஒரே சாதி. மூடுபனியில எதுக்க வர்றவன் லைட்டு தெரியுறதுக்குள்ள ஆளே வந்துருவான்.

ரேசுக்கு ஆசையாமே உனக்கு. நுவரெலியா சீசனுக்கு மகாகஸ்தொட்டயில மலையேறுற பந்தயம் இருக்கே, 1934ல ஆரம்பிச்சது, காரும் மோட்டார் சைக்கிளும் ஓடுது. தொரைமாரு தொடங்கி வச்ச வெளையாட்டு. அவங்களே ஏறுறதுக்குத்தான் பந்தயம் வச்சாங்க, இறங்குறதுக்கு வைக்கல. இறக்கத்துல போட்டி போட்டது ஒன்னப் போல ஆளுங்கதான். இறக்கம் வெளையாட்டில்ல: 2023 ஜனவரியில ரதல்ல குறுக்கு ரோட்டுல, சுற்றுலா முடிஞ்சு இறங்குன பாடசாலைப் பஸ் மோதி, வேன்லயும் ஆட்டோவுலயும் இருந்த 7 பேர் செத்துப் போனாங்க. அந்த இறக்கத்துல பெரிய வண்டிக்கே அந்தக் கதி, இதுல கேலி பேச ஒண்ணுமில்ல.

காயம் ஆறட்டும். மழயில்லாத ஞாயித்துக்கிழமையாப் பாத்து பெரட்டுக்களத்துக்குச் சைக்கிளக் கொண்டு வா. மட்டமான எடத்துல, நடக்கிற வேகத்துல, பின் பிரேக்க வேணும்னே மிதிச்சு வழுக்க விட்டு, கால எடுத்து எடுத்துப் பழகலாம். ஹெல்மெட்டத் தலையில போட்டு வாரையும் பூட்டிக்கிட்டு வா. புது டயர் போடாம வராத. காசில்லன்னா அத்தைகிட்டக் கேளு, எங்கிட்டக் கேக்காத.