இருபதாவது ஆள்

திருப்பூரில் ஒரு முதலாளி. எப்போது போய் எண்ணினாலும் அவர் பனியன் கம்பெனியில் 19 பேர்தான். ஆர்டர் குவிந்து ராத்திரி ஷிப்ட் ஓடினாலும் 19. பாதி மெஷின் உறை போட்டுக் கிடந்தாலும் 19. ஆள் 20 ஆனால் பி.எஃப். வந்துவிடும். தீபாவளி போனஸ் அவர் மனசுப்படி இல்லாமல் சட்டப்படி, குறைந்தது 8.33 சதவீதம் என்றாகிவிடும். ஒருமுறை பி.எஃப். ஒட்டிக்கொண்டால், அப்புறம் ஆளைக் குறைத்தாலும் விடாது. பெற்ற பிள்ளைகளின் பிறந்த நாள்கூட அவருக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரியாது.

அப்படியானால் வாசலில் ஏன் முப்பத்திச் சொச்சம் ஜோடிச் செருப்பு?

"ஓவர்லாக்குல இருக்கறது எங்க மாமன் பையனுங்க. சும்மா பழகிட்டிருக்கான்." பழகுகிறவருக்குத் தலை நரைத்துவிட்டது. துணி மடிக்கும் பெண்? "பக்கத்து வீட்டு அம்மிணிங்க. பொழுது போகலீன்னு வந்து உக்காந்திருக்குது." அந்த ஐந்து பேர் காண்ட்ராக்டரின் ஆட்களாம். காண்ட்ராக்ட் ஆளும் கணக்கில் சேருமே என்றால், "அந்தக் காண்ட்ராக்டரே நம்ம ஆளு இல்லீங்களே" என்பார். மாடியில் தங்கியிருக்கும் ஒடிசாப் பையன்கள் விருந்தாளிகள். காலை எட்டரைக்கு இறங்கி வந்து, ராத்திரி எட்டரை வரை பீஸ் ரேட்டுக்கு டி-ஷர்ட் தைக்கும் விருந்தாளிகள்!

ஒருமுறை அதிகாரி வந்தார். விருந்தாளிகளும் அம்மிணியும் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்கள். மஸ்டர் ரோலை நீட்டினார் நம்மவர். அதிகாரி அதைத் தொடாமல் எதிர்க் கடையின் டீக்கணக்கு நோட்டைக் கேட்டார். காலையில் 34 டீ. "நம்ம பசங்க ஆளுக்கு ரெண்டு குடிப்பாங்க" என்று சமாளித்தார். மறுநாளிலிருந்து டீ கேனில் வருகிறது. கேனை யாரும் எண்ண முடியாதல்லவா?

அப்புறம் நடுவில் பிளைவுட் தடுப்பு எழுந்தது. அந்தப் பக்கம் மனைவி பெயரில் தனிக் கம்பெனி. அங்கேயும் 19. கரண்ட் மீட்டர் ஒன்று, கட்டிங் மாஸ்டர் ஒருவர், கழிப்பறையும் ஒன்றுதான். இதையெல்லாம் கூட்டித்தான் பார்ப்பார்கள் என்றேன். தடுப்புக்குப் பெயின்ட் அடித்தார்.

கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். விரலில் ஊசி ஏறினால் தன் காரிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடுவார். கைக்காசில் வைத்தியம் பார்த்து, வீடு வரை கொண்டுபோய் விடுவார். 10 பேர் இருந்தாலே இ.எஸ்.ஐ. உண்டு, அந்தக் கார்டு இருந்தால் இந்த ஓட்டமே வேண்டாம் என்று சொன்னால் மட்டும் காது கேட்காது.

செக்கிங் டேபிளில் 12 வருஷம் நின்ற அக்கா ஒருவர், முட்டி தேய்ந்து வேலையை விட்டார். முதலாளி கொடுத்தது ஒரு பட்டுச் சேலையும் கவரில் 5,000 ரூபாயும். கிராஜுவிட்டிக்கும் 10 பேர் இருந்தால் போதும். 5 வருஷம் முடித்தவருக்கு, வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம். அவருக்குக் கடைசி மாதச் சம்பளம் 13,000. 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 12-ஆலும் பெருக்கினால் 90,000. கால்குலேட்டரைக் காட்டினேன். "குடும்பத்துக்குள்ள கணக்குப் பாக்கலாமுங்களா?" என்றார். பாக்கி 85,000 ரூபாய் அந்த அம்மாளின் பணம். முட்டி வைத்தியத்துக்குச் சேலையை எந்த ஆஸ்பத்திரியும் வாங்கிக்கொள்ளாது.

அவருக்குச் சட்டமே ஆகாது என்றும் சொல்ல முடியாது. எக்ஸ்போர்ட்காரர் தையல் கூலியை இழுத்தடித்தால் போதும், 2006-ஆம் வருஷத்து எம்.எஸ்.எம்.இ. சட்டம் அருவியாகக் கொட்டும். "45 நாளைக்குள்ள குடுத்தாகோணுமுங்க! தாண்டுனா பேங்க் ரேட்டுல மூணு மடங்கு வட்டி, அதும் மாசாமாசம் வட்டிக்கு வட்டி. அடிங்க நோட்டீசு!"

அடித்தேன். அவருக்குப் பணம் வந்துவிட்டது. அந்த நோட்டீசுக்கும், தீபாவளிக்கு முன்பே முடித்துக் கொடுத்த ரிட்டர்னுக்கும் எனக்கு வரவேண்டிய ஃபீஸ்தான் இன்னும் நிற்கிறது. கேட்கப் போனால் தோளில் கை போட்டு, "நீங்களும் நம்ம குடும்பந்தானுங்களே" என்கிறார்.