அடுத்த திங்கட்கிழமைக் கோட்பாடு: ஹைதராபாத் அப்பாக்களின் இடுப்பளவு பற்றி ஓர் ஆய்வு

ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் அப்பாக்கள் உடம்பைக் குறைக்கத் தொடங்கும் நாள் அடுத்த திங்கட்கிழமை. செவ்வாயன்று முடிவெடுத்தாலும் அதுதான். திங்கட்கிழமை காலையிலேயே முடிவெடுத்தால் அதற்கும் அடுத்த திங்கள். இந்தக் கிழமையின் விசேஷம் பற்றிப் பஞ்சாங்கங்கள் வாய் திறக்கவில்லை. ஆகவே இவ்வாய்வு.

களத்தேர்வுக்குக் காரணம் உண்டு. இந்தியர்கள் எதை எவ்வளவு சாப்பிடலாம் என்று நாட்டுக்கே சொல்லும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இங்கே தார்நாகாவில்தான் இருக்கிறது. அதன் பூர்வீகம் நம் குன்னூர். 1918-ல் ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி நோயை ஆராய ஓர் அறையில் ஆரம்பித்தது, 1958-ல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. பின்னாளில் அதன் இயக்குநராக இருந்த சி. கோபாலன் சேலத்துக்காரர். 2019-ல், நூறு வயதைக் கடந்து காலமானார். சாப்பாட்டு விஷயத்தில் இவர் பேச்சைக் கேட்டிருக்கலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பற்றாக்குறை நோய்களை ஆராயப் பிறந்த அந்த நிறுவனம் 2024-ல் 17 உணவு நெறிகளை வெளியிட்டது. தட்டில் பாதி காய்கறி, பழம், கீரை, கிழங்காக இருக்கட்டும் என்கிறது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்கிறது. இரானி சாயாவும் உஸ்மானியா பிஸ்கட்டும் கோலோச்சும் ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

அளவீட்டுக்கு வருவோம். உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் பிஎம்ஐ கணக்கில் உலகத்துக்கு 25-ல் தொடங்கும் அதிக எடை, இந்தியருக்கு 23-லேயே தொடங்கிவிடுகிறது. ஆண்களின் இடுப்பு 90 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. மூச்சை இழுத்துப் பிடித்து ஒரு தடவை, விட்டபின் ஒரு தடவை என்று டேப்பில் இரண்டு அளவு எடுக்கப்படுகிறது. மனைவியிடம் சொல்லப்படுவது முதலாவது.

இனி இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு. குற்றவாளி பிரியாணி அல்ல, பிள்ளையின் டிபன் பாக்ஸ். சாயங்காலம் பள்ளிப் பையிலிருந்து அது வெளியே வரும். உள்ளே ஓரம் கடித்த ஜாம் சப்பாத்திச் சுருள், நமுத்துப்போன நாலு சிப்ஸ், மூடியில் அப்பிய கெட்சப். தேய்க்கப் போடுமுன் அப்பா அதைக் காலி செய்கிறார், சிங்க் பக்கத்தில் நின்றபடியே. நின்று சாப்பிட்டது கணக்கில் வராது. பிள்ளை மிச்சம் வைத்தது அறவே வராது. இவ்விரு விதிகளும் எழுதாச் சட்டமாய் வீட்டுக்கு வீடு நடைமுறையில் உள்ளன. (அம்மாக்களைப் பற்றிய தரவு இல்லை, பேட்டி கொடுக்க அவர்கள் உட்காரவே இல்லை.)

உடற்பயிற்சிக்குக் குறையில்லை. ஜூபிலி ஹில்ஸை ஒட்டிய கேபிஆர் தேசியப் பூங்காவில் விடிகாலை நடப்போர் ஏராளம். அரை மணி விறுவிறுப்பாக நடந்தால் சுமார் 150 கலோரி செலவாகும். வெளியே வந்ததும் ஒரு சமோசா அதை வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடும். அதோடு ஏழரைக்குப் பள்ளி பஸ், ஒன்பதுக்கு ஹைடெக் சிட்டி டிராஃபிக். தப்பிக்க ஒரே நாள் ஞாயிறு. அன்று பிள்ளைகளின் நண்பர்களுக்குப் பிறந்தநாள்.

ரம்ஜான் மாதத்துக்கான புள்ளிவிவரம் இவ்வாய்வில் இல்லை. 2010-ல் புவிசார் குறியீடு பெற்ற ஹைதராபாத் ஹலீம் அண்டாவிலிருந்து இறங்கும் நேரம் அது. ஆய்வாளரும் ஆய்வுக்குட்பட்டோரும் ஒரே வரிசையில் நின்றதால் யார் யாரைக் கவனிப்பது என்பது முடிவாகவில்லை.