42 சிகரம், ஒரு பைஜாமா சட்டை

1932 ஜூன் மாதம். இங்கிலாந்தின் வடமேற்கில், லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளுக்கு நடுவே கெஸிக் என்றொரு சின்ன ஊர். நள்ளிரவு தாண்டி மணி ஒன்று. மூட் ஹால் என்ற கட்டிடத்தின் வாசலில் ஒரு நடுவயது ஆசாமி நிற்கிறார். காலில் டென்னிஸ் ஷூ, இடுப்பில் தொளதொள அரை டிரவுசர், மேலே (கண்ணைக் கசக்கிக்கொண்டு படியுங்கள்) பைஜாமா சட்டை! ரோந்து போலீஸ்காரர் பார்த்திருந்தால் தூக்கத்தில் நடக்கிற வியாதி என்று நினைத்து, கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுபோய் விட்டிருப்பார்.

இவர்தான் பாப் கிரஹாம். தொழில், கெஸ்ட் ஹவுஸ் நடத்துவது. அன்றைய திட்டம், 24 மணி நேரத்துக்குள் 42 மலை உச்சிகளை மிதித்துவிட்டு இதே வாசலுக்குத் திரும்புவது. தூரம் சுமார் 106 கிலோமீட்டர். ஏறுகிற உயரத்தை மட்டும் கூட்டினால் 8,200 மீட்டர் சொச்சம், அதாவது எவரெஸ்ட்டுக்குக் கொஞ்சம் கம்மி. முதல் பரிசு என்ன என்கிறீர்களா? பரிசு கிடையாது. போட்டிக்கு ஆளும் கிடையாது!

இந்தப் பைத்தியம் அவரோடு ஆரம்பித்ததும் அல்ல. 1864-லேயே எலியட் என்ற பாதிரியார் எட்டரை மணி நேரத்தில் ஒன்பது உச்சிகளைச் சுற்றிவந்து பிள்ளையார் சுழி போட்டுவிட்டார். 1905-ல் டாக்டர் வேக்ஃபீல்ட் அந்த எண்ணிக்கையை இரு மடங்குக்கும் மேலே கொண்டுபோனார். ஆன்மாவைக் கவனிப்பவர், உடம்பைக் கவனிப்பவர் என்று ஊரில் புத்தி சொல்ல வேண்டிய இரண்டு பேருமே மலைமேல் ஓடிக்கொண்டிருந்தால், பாவம், கெஸ்ட் ஹவுஸ்காரர் என்ன செய்வார்?

சரி, அதென்ன 42? வயசுக்கு ஒன்றாம். அப்படித்தான் காலங்காலமாகக் கதை சொல்கிறார்கள். கிரஹாம் பிறந்தது 1889. கழித்துப் பாருங்கள், 43 வருகிறது! சொன்னது அவரோ, ரசிகர்களோ, வயதில் ஒன்றைக் குறைப்பது சினிமாக்காரர்கள் கண்டுபிடித்த வித்தை இல்லை என்பது மட்டும் தெரிகிறது.

டிரெயினிங்? இன்றைக்கு மலை ஓட்டத்துக்குக் கிளம்புகிறவர் முதலில் ஓடுவது கடைக்குத்தான். ஜிபிஎஸ் வாட்ச், ஜெல் பாக்கெட், மாசச் சம்பளத்தில் பாதியை விழுங்கும் ஷூ. கிரஹாம் முன்கூட்டியே அந்த மலைகளில் நடந்து நடந்து வழியை மனப்பாடம் செய்தார். அதுவும் வெறுங்காலோடு. பாதம் உரமேறும் என்பது ஒரு காரணம். ஷூ தேயாது என்பது இன்னொன்று! சாப்பாடு ரொட்டி, வெண்ணெய், அரைவேக்காட்டு முட்டை, பழம், மிட்டாய். கிட்டத்தட்ட குழந்தைகள் பள்ளிக்கூடப் பிக்னிக்குக்குக் கொண்டுபோகிற அயிட்டங்கள்.

முடித்தும் விட்டார், 23 மணி 39 நிமிடத்தில். ஊர் மாலை போட்டதா? பல பேர் நம்பவே இல்லை. அடுத்த 28 வருஷம் யாராலும் அதைத் திருப்பிச் செய்ய முடியவில்லை. 1960-ல் ஆலன் ஹீட்டன் என்பவர் 22 மணி 18 நிமிடத்தில் ஓடிக் காட்டிய பிறகுதான் ‘அட, ஆகிற காரியம்தான்’ என்றார்கள். 1971-ல் கிரஹாம் பெயரிலேயே கிளப் வந்தது. அதில் சேர வேண்டுமானால் 42 உச்சியிலும் கூடவே ஒரு சாட்சி இருக்க வேண்டும். தலைவர் பட்ட பாட்டைப் பார்த்துத் தொண்டர்கள் உஷாராகிவிட்டார்கள்!

அடுத்து வருகிறார் ஜாஸ் நெய்லர், அதே மலைகளுக்கு நடுவே வாஸ்டேலில் ஆடு வளர்த்த விவசாயி. சின்ன வயதிலேயே முதுகு போய், ஆபரேஷனில் இரண்டு டிஸ்க்கை எடுத்தாகிவிட்டது. ராணுவம் ‘லாயக்கில்லை’ என்று திருப்பி அனுப்பிய உடம்பு. அவர் ஓடிய முதல் பந்தயத்துக்கு வந்த கோலம், வயல் பூட்ஸும் முட்டியோடு வெட்டிய பேன்ட்டும். (பைஜாமாவிலிருந்து முன்னேற்றம்தான்.) இவர் 1975-ல் 24 மணி நேரத்துக்குள் 72 உச்சிகளை முடித்தார். அப்போது வயது 39. வயசுக்கு ஒன்று என்ற கணக்கில் பார்த்தால் 33 சிகரம் அட்வான்ஸ்!

72 வயது வரைக்கும் கட்டியாகிவிட்டதே, மனுஷர் நிம்மதியாக ஆட்டைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம் அல்லவா? ஊஹூம். நம் ஊரில் அறுபதாம் கல்யாணத்துக்கு மனையில் உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றுவோம். நெய்லர் 60 வயதில் 36 மணி நேரத்தில் 60 உச்சி ஓடினார். மலையேறிய நாளில் தண்ணீர் ஊற்றத் தனியாக ஆள் வேண்டாம், அந்த ஊர் மழையே போதும். 2006-ல் 70 வயது, பீமரத சாந்தி. 70 உச்சி, 21 மணி நேரத்துக்கும் குறைவு. இத்தனைக்கும் அட்வான்ஸில் இன்னும் இரண்டு பாக்கி இருந்தது!