ஐ7 வாங்கப் போற மவராசனுக்கு

வாலே மவராசா, உக்காரு. நாப்பதாயிரத்தை இடுப்புல முடிஞ்சிக்கிட்டு லேப்டாப்பு வாங்கக் கெளம்பிட்டியாமே? அதுவும் ஐ7தான் வேணுமாம்லா? நியாயந்தான். காலேசுப் பாடம் அடிக்கவும், ராத்திரி போர்வைக்குள்ள படம் பாக்கவும் ஐ7-க்குக் கொறஞ்சா எப்படித் தாங்கும்?

எனக்கு என்னலே தெரியும்? பம்புசெட்டுக்கு ஃபியூசு போடுததோட படிப்பை நிறுத்துனவன் நான். இருந்தாலும் ஒண்ணு கேக்கேன். அந்த ஐ7-க்குப் பின்னால ஒரு கோடு போட்டு நம்பர் எழுதியிருப்பானே, அதைப் பாத்தியா?

பாக்கலையா? சந்தோசம். உன்னைய நம்பித்தான்லே ஏவாரமே நடக்கு. மேலப்பாளையம் சந்தையில மாட்டுக்குக் கொம்பைச் சீவி, பெயிண்டு அடிச்சி, சலங்கை கட்டி நிறுத்தியிருப்பான். வெவரமானவன் கொம்பைப் பாக்க மாட்டான். வாயைத் தொறந்து பல்லை எண்ணுவான். ஐ7-ங்கிறது கொம்பு. பின்னால வர்ற நம்பருதான் பல்லு.

உன் கூட்டாளி பழசு ஒண்ணு சல்லிசா வருதுன்னு காட்டுனானே, ஐ7-7500யு. கோட்டுக்குப் பின்னால நிக்கிற ஏழு, ஏழாந் தலைமுறைன்னு அர்த்தம். 2016-ல வந்த சரக்கு. உள்ள இருக்கது ரெண்டே கோரு. 2022-ல வந்த ஐ3-1215யு-ல பெருசு ரெண்டு, சிறுசு நாலு, ஆக ஆறு கோரு. ஐ3-ன்னு சொல்லத்தான் உனக்கு வெக்கமா இருக்கும். அந்தப் பழைய ஐ7-ஐ விண்டோஸ் 11-க்குக் கொண்டு போனா, மைக்ரோசாஃப்ட்டுக்காரன் பட்டியல்ல அதுக்குப் பேரே கெடையாது. விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபர் 14-ஓட ஆதரவை முடிச்சிட்டான். கெட்டிக்காரன்லே உன் கூட்டாளி.

ஏஎம்டி பக்கம் போயிட்டா தப்பிச்சோம்னு நெனைக்காத. ரைசன் 5 7520யு-ன்னு ஒண்ணு, 7530யு-ன்னு ஒண்ணு. பத்துதான வித்தியாசம்னு தோணும். மூணாவது எலக்கத்தைப் பாருலே. 2-ன்னா ஜென் 2. 2019-லயே வந்த வடிவமைப்பு, நாலு கோரு. 3-ன்னா ஜென் 3, ஆறு கோரு. முன்னால 7-ஐப் பெருசாக் காட்டிட்டு வயசை மூணாவது இடத்துல ஒளிச்சி வச்சிருக்கான்.

கடைசியில நிக்கிற எழுத்தையும் விட்டுராத. யு-ன்னா கரண்டு கம்மியா இழுக்கும், பேட்டரி நிக்கும். ஹெச்-ன்னா வேகம் சாஸ்தி, சூடும் சாஸ்தி. சித்திர மாசம் அதை மடியில வச்சிப் படிச்சிப் பாரு, புரியும்.

இனி ராமுக்கு வாரேன். ஐ7-க்குக் காசைக் கொட்டிட்டு, ராம் 4 ஜிபி போதும்னு அங்க கையச் சுருக்குவ. விண்டோஸ் 11-ஐ ஏத்தவே கொறைஞ்சது 4 ஜிபி வேணும்னு மைக்ரோசாஃப்ட்டுக்காரனே எழுதி வச்சிருக்கான். பொறவு நீ குரோம்ல இருபது டேபு தொறப்ப. தனியா கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெசினா இருந்தா, படம் காட்டுதுக்கும் அந்த ராம்லதான் பங்கு கேக்கும். ராம் நெறஞ்சா மிச்சத்தை எஸ்எஸ்டில தள்ளிட்டு, கேக்கும்போதெல்லாம் போய் எடுத்துட்டு வரணும். எஸ்எஸ்டி எம்புட்டு வேகமா இருந்தாலும் ராம் ஆவாது. அதுவரைக்கும் புராசசரு சும்மா நிக்கும். ஐ3 நின்னாலும் நிப்புதான், ஐ7 நின்னாலும் நிப்புதான். ஐ7-க்கு நீ கூலி கூடக் குடுத்திருப்ப, அம்புட்டுதான்.

அதனால 8 ஜிபிக்குக் கீழ எறங்காத. 16 கெடைச்சா விடாத. 16 எட்டலைன்னா, 8 ஜிபியும் காலி சிலாட் ஒண்ணும் இருக்க மாதிரி பாரு. லேப்டாப்புல புராசசரைப் பலகையோட சேத்துப் பத்த வச்சிருப்பான், பின்னால மாத்த முடியாது. சிலதுல ராமையும் அப்படித்தான் பத்த வச்சிருக்கான். நான் சொன்ன 7520யு அந்தச் சாதி, வாங்குன அன்னைக்கு என்ன இருக்கோ அதுதான் கடைசி வரைக்கும். "பொறவு போட்டுக்கலாம் தம்பி"ன்னு கடைக்கார அண்ணாச்சி சொன்னா, "சிலாட்டைக் காட்டுங்க அண்ணாச்சி"ன்னு பவ்வியமாக் கேளு. ஏஐ கம்பெனிக்காரன் வாங்கிக் குவிச்சதுல 2025 கடைசியில ராம் வெலை எகிறிப் போச்சி. அதனால "பொறவு"ங்கிறதுக்கும் வெலை கேட்டுக்க.

ஹார்டு டிஸ்க்குன்னா வேண்டாம், இஎம்எம்சின்னாலும் வேண்டாம், எஸ்எஸ்டிதான். அதுல பேச்சே இல்ல.

இதெல்லாம் கேட்டு முடிச்சதும், கூட்டாளிக முன்னால கவுரவம் கொறஞ்சிருமேன்னு உனக்குக் கவலை வரும். வரத்தான் செய்யும், வயசு அப்படி. அதுக்கும் வழி இருக்கு. ஐ7 ஸ்டிக்கர் ஒண்ணு தேடி வாங்கி மேல ஒட்டிக்கலே. உன் கூட்டாளி எந்தக் காலத்துல உள்ள இருக்கதைப் பாத்தான்?