பத்துப் பைசாக் கல்

ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்
ஆகஸ்ட் 3

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் எழுதிக்கொள்வது. போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, "பின்னால என்னடா கடமுடன்னு சத்தம்?" என்று கேட்டீர்கள். "கல் அள்ளுறேன் மாமா" என்றேன். "நெல் அள்ளுதியா? அமெரிக்காவுல நெல்லா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அத்தையிடம், "மருமகன் வெள்ளாமையில எறங்கிட்டான்" என்று நீங்கள் பெருமையாகச் சொன்னது எனக்கும் கேட்டது. அதை அத்தை தெரு முழுக்கச் சொல்லியிருப்பாள். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்கத்தான் இந்தக் கடிதம்.

நெல் இல்லை மாமா, கல்.

இந்த ஊரில் வீட்டு முன்சுவரை ஒட்டி ஒரு பாத்தி இருக்க வேண்டும். பாத்தியில் செடி இருக்க வேண்டும். செடிக்கும் செடிக்கும் நடுவில் மண் தெரியக் கூடாது. தெரிந்தால், நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்தவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். அதனால் மரத்தைச் சிராய் சிராயாக அரைத்து, கறுப்பு, சிவப்பு, பழுப்பு என்று சாயம் ஏற்றி, மூட்டை கட்டி விற்கிறார்கள். மல்ச் என்று பெயர். கத்தரிப் பாத்தியில் உளுந்தம் பொட்டையும் சோளத்தட்டையையும் பரப்பிவிட்டு மூடாக்கு என்பீர்களே, அதேதான். நீங்கள் போட்டது ஓசி, நான் போட்டது மூட்டை நாலு டாலர்.

என் பாத்திகள் மொத்தம் 320 சதுர அடி. மூன்று அங்குலக் கனத்துக்கு 80 கன அடி வேண்டும். மூட்டைக்கு 2 கன அடி, ஆக 40 மூட்டை. இது ஒரு வருஷக் கணக்கு. மார்ச்சில் போட்ட கறுப்பு, ஜூன் வெயிலில் நரைத்துப்போகும். மே மாதத்து இடிமழையில் பாதி மிதந்து தெருவுக்குப் போகும். மிச்சம் மக்கி மண்ணாகும். அடுத்த மார்ச்சில் மறுபடியும் 40 மூட்டை. "குப்பைக்குக் காசு குடுத்து வாங்குற ஒரே ஆளு நீங்கதான்" என்று உங்கள் மருமகள் சொல்லுவாள். தெருவில் எல்லாரும் வாங்குகிறார்கள் என்றால் அவளுக்கு அது ஒரு பதிலாகவே படாது.

ஒரு நாள் காலையில் பார்த்தால் அந்த மல்ச்சின் மேல் மஞ்சளாக, நுரைத்துக்கொண்டு, தோசை மாவு பொங்கி வழிந்த மாதிரி ஏதோ கிடந்தது. பக்கத்து வீட்டு நாய்தான் ராத்திரி வந்து கக்கியிருக்கிறது என்று முடிவு கட்டி, பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் போய் மரியாதையாக, "உங்கள் நாய்க்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். அது ஒருவகைச் சளிப்பூஞ்சையாம். ஆனால் பூஞ்சையும் இல்லை, செடியும் இல்லை, விலங்கும் இல்லை, தனி ஜாதி. மெதுவாக நகரவும் செய்யுமாம். இங்கே அதற்கு ஊரறிந்த பெயரே 'நாய் வாந்தி'தான். யாரையும் ஒன்றும் செய்யாது, இரண்டொரு நாளில் காய்ந்து பொடியாகிவிடும் என்றார். பெயரைக் கேட்ட பிறகு உங்கள் மருமகள் அந்தப் பக்கம் போகவே மாட்டேன் என்றுவிட்டாள். கல் போட்டுவிடுவது என்று அன்றைக்குத்தான் தீர்மானித்தேன்.

மண்ணைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நீங்கள் கோபிப்பீர்கள். கரிசல் மாமா! கோவில்பட்டியிலிருந்து இத்தனை ஆயிரம் மைல் பறந்து வந்து இறங்கினால், காலுக்குக் கீழே அதே கரிசல். மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். நம்மூரில் வெடிப்புக்குள் ஆட்டுக்குட்டி கால் மாட்டிக்கொள்ளும். இங்கே வீடு மாட்டிக்கொள்கிறது. மண் சுருங்கினால் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கி, சுவர் விரிந்து, கதவு சாத்தாது. அதனால் கோடையில் வீட்டைச் சுற்றி, துளித்துளியாகக் கசியும் ரப்பர் குழாயைப் போட்டு அஸ்திவாரத்துக்குத் தண்ணீர் விடுகிறோம். ஆமாம், செடிக்கு இல்லை, வீட்டுக்கு. வீடு வளருமா என்று கேட்காதீர்கள். அதன் விலையும் வரியும் வளர்கின்றன.

கல் போட நினைத்தால் உடனே போட்டுவிட முடியாது. எங்கள் குடியிருப்புக்கு ஒரு வீட்டுக்காரர் சங்கம் உண்டு. உங்கள் ஊர்க் கூட்டத்தில் யாராவது எழுந்து எதிர்த்துப் பேசலாம், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறலாம். இங்கே எல்லாம் கடிதம்தான். வறட்சியைத் தாங்கும் தோட்டம் போடுகிறவனைச் சங்கம் தடுக்கக் கூடாது என்று டெக்சாஸில் 2013-இல் ஒரு சட்டமே கொண்டுவந்தார்கள். அடடா என்று மேலே வாசித்தால், திட்டத்தைக் காட்டி முன்கூட்டியே ஒப்புதல் வாங்கச் சொல்லலாம் என்கிறது. இன்னும் கொஞ்சம் வாசித்தால், சரளை, கல், கள்ளி இந்த மூன்றையும் சங்கம் கட்டுப்படுத்துவதை இந்தச் சட்டம் தடுக்காது என்கிறது. என்னைப் போல ஒருத்தன் வருவான் என்று எதிர்பார்த்தே எழுதியிருக்கிறார்கள்.

வரைபடம் போட்டு, மாதிரிக் கல் நாலைந்தைப் பையில் போட்டுக் கொடுத்தேன். 'மண் நிறத்தில் இருக்க வேண்டும்' என்று திருப்பி அனுப்பினார்கள். இங்கே மண் கறுப்பு. ஆகவே கறுப்புக் கல்லைக் கொடுத்தேன். அதையும் திருப்பினார்கள். அவர்கள் மண் நிறம் என்றது பழுப்பை. கடைசியில் நம்மூர்க் கடலைமிட்டாய் நிறத்தில் ஒரு கூழாங்கல்லைக் காட்டினேன், ஒப்புதல் வந்துவிட்டது.

கல் வருவதற்கு முன்னால் பழைய மல்ச்சை அள்ள வேண்டுமே. மம்பட்டியைப் போட்டால், மேலாக்கில் இரண்டு அங்குலம் சிராய். அதற்குக் கீழே பொலபொலவென்று ஈரமண். கொத்துக் கொத்தாக மண்புழு. வெளியே கட்டாந்தரை வெடித்துக் கிடக்க, உள்ளே நீங்கள் காட்டுக்கு அடித்த குப்பை மாதிரி மணக்கிறது. ஏழு வருஷம் நான் போட்ட 280 மூட்டையும் எங்கே போயிற்று என்று அன்றைக்குத் தெரிந்தது. அதையும் சேர்த்து வழித்துப் பை பையாகக் கட்டித் தெருவோரம் வைத்தேன். இதைப் படிக்கும்போது என்ன சொல்லித் திட்டுவீர்கள் என்று தெரியும். அதை அத்தை காதில் விழாமல் சொல்லுங்கள்.

பிறகு மண்ணின் மேல் கறுப்புத் துணி விரித்து, இரும்புக் கொக்கி அடித்தேன். களை முளைக்காதாம். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாரி வந்தது. மூன்று கன கஜம் கல், சுமார் 3,600 கிலோ. பின்பக்கத்தைத் தூக்கி, கார் ஷெட் வாசலில் அப்படியே கொட்டிவிட்டுப் போய்விட்டான். இரண்டு காரும் உள்ளே, நாங்கள் வெளியே. 48 மணி நேரத்துக்குள் அள்ளாவிட்டால் சங்கத்துக் கடிதம் வரும்.

தள்ளுவண்டியில் எண்பது நடை, மாமா. முப்பதாவது நடையில் இடுப்பு போன பிறகுதான் ஓடைக்கரைப் புஞ்சை ஞாபகம் வந்தது. முழுப்பரீட்சை லீவில் எங்களைக் காட்டில் இறக்கிச் சுக்கான் கல் பொறுக்கவிடுவீர்களே. நார்ப்பெட்டிக்குப் பத்துப் பைசா. பொழியில் கொண்டுபோய்க் கொட்டவேண்டும். பாதிப் பெட்டியை முழுப் பெட்டி என்று காட்டினால் காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பீர்கள், கல் இறங்கிவிடும். பொழுது சாய சாத்தூர்ச் சேவு. வண்டியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கணக்குப் போட்டேன்: பெட்டிக்குப் பதினைந்து கிலோ என்றால் 240 பெட்டி. உங்கள் கூலிக்கு 24 ரூபாய். மண்ணிலிருந்து கல்லை எடுக்க 24 ரூபாய் வாங்கியிருப்பேன். அதே மண்ணில் கல்லைப் போட 700 டாலர் கொடுத்திருக்கிறேன். சேவும் கிடையாது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் மேற்கு டெக்சாஸில் பருத்திக் காட்டில் வளர்ந்தவர். வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "போடுவது ஒரு வாரம், எடுப்பது ஒரு ஜென்மம்" என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். பொறாமை என்று நினைத்தேன்.

ஒரு மாதம் ராஜபோகம். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். மழை பெய்தால் கழுவிவிட்ட மாதிரி மின்னும். மின்னுவதைப் பார்க்க நானே ஹோஸ் பிடித்து நனைப்பேன். தண்ணீரை மிச்சப்படுத்தவும்தான் கல் போட்டேன் என்பதை அந்த நேரம் மறந்துவிடுவேன்.

ஜூலை வந்தது. நூறு டிகிரி தாண்டினால் கல் பகலெல்லாம் சூட்டைக் குடித்து, ராத்திரி பத்து மணிக்கும் மூச்சு விடுகிறது. மேற்குச் சுவரோரம் இருந்த ஹைட்ரேஞ்சியா பத்தே நாளில் அப்பளம். அந்த இடத்தில் என்ன வைப்பது என்று நர்சரியில் கேட்டால், "இது எந்தச் சூட்டையும் தாங்கும்" என்று ஒரு தொட்டியைத் தூக்கிக் கொடுத்தார்கள். நம்மூர் உண்ணிச்செடியின் ஒன்றுவிட்ட தம்பி! விலை 12 டாலர். மலையடிவாரத்தில் ஆட்டுக்காரன்கூடத் திரும்பிப் பார்க்காத செடி, இங்கே என் கார் முன்சீட்டில் உட்கார்ந்து ஏசி வாங்கிக்கொண்டு வந்தது.

களைக்கு வருகிறேன். இங்கே புல்வெளிக்குப் போடுவதைப் பெர்முடா புல் என்கிறார்கள். ஏதோ தீவில் பிறந்த சீமைச் சரக்கு என்று நினைத்திருந்தேன். கணுவைப் பார்த்தால் அருகம்புல். சாட்சாத் பிள்ளையார் தலையில் வைக்கிற அருகம்புல்தான். வெளியே ஒரு பிடி காய்ந்தால் சங்கத்துக் கடிதம் வரும், பாத்திக்குள் ஒரு முழம் நுழைந்தாலும் கடிதம் வரும். அது துணிக்கு அடியிலேயே ஊர்ந்துபோய் ஓரத்தில் தலை நீட்டுகிறது. சரி, சதுர்த்திக்காவது ஆகும் என்று பறித்தால், "மருந்தடிச்ச புல்லச் சாமிக்கு வைக்காதீங்க" என்று தடை.

அருகாவது பரவாயில்லை. கோரை இருக்கிறதே, அது அந்தத் துணியை ஊசியால் குத்துவதுபோல் குத்திக்கொண்டு மேலே வந்து நிற்கிறது. பிடுங்கினால் இலை கையோடு வரும், கிழங்கு துணிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு சிரிக்கும். மம்பட்டி போட்டால் கல்லில் 'ணங்'. கல்லை ஒதுக்கி, துணியைக் கிழித்து, கிழங்கைத் தோண்டி, துணியை ஒட்டுப்போட்டு, கல்லை நிரப்ப வேண்டும். ஒரு கோரைக்கு அரைமணி நேரம்.

இந்த வருஷம் மார்ச்சில் இன்னொரு கூத்து. எங்கள் வீட்டு முன்னால் நிற்கும் லைவ் ஓக் மரம் குளிர்காலமெல்லாம் பச்சையாக நின்றுவிட்டு, ஊரே துளிர்க்கிற நேரத்தில் பழைய இலையைக் கொட்டும். மல்ச் இருந்தவரை இலை அதோடு இலையாகக் கிடந்தது. கல்லின் மேல் ஒவ்வொன்றும் துருத்திக்கொண்டு தெரிகிறது. வாரினால் கல்லும் சேர்ந்து வருகிறது; ஊதினால் இடுக்குக்குள் இறங்குகிறது. இறங்கியது மக்கித் துணிமேல் ஒரு விரற்கடை மண்ணாகி, அதில் புதுசாகக் களை முளைக்கிறது. ஆகவே முக்காலி போட்டு உட்கார்ந்து கையால் பொறுக்கினேன். அம்மா சொளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குவாள். அவள் பெற்ற பிள்ளை கல்லைப் பரப்பிக் குப்பை பொறுக்குகிறான்.

வீட்டில் மற்ற இரண்டு பேருக்கும் கல்லினால் லாபம்தான். சின்னவள் ஏழாங்கல்லுக்குத் தோதாகப் பொறுக்கி, பள்ளிக்கூடத்துத் தோழிகளுக்கும் ஒரு செட் கொடுத்துவிட்டாள். உங்கள் மருமகள், இவ்வளவு சூடு வீணாகப் போகிறதே என்று போன மாதம் கல்லின் மேல் வேட்டியை விரித்து மோர்மிளகாய் காயவைத்தாள். மூன்றே நாளில் கலகலவென்று காய்ந்தது. நாலாம் நாள் கடிதம் வந்தது, போட்டோவோடு: 'முன்புறப் பாத்தியில் ஒப்புதல் பெறாத அலங்காரப் பொருள்.' அதைக் குளிர்பெட்டிமேல் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறாள். அவள் சமையலை இதுவரை யாரும் அலங்காரம் என்று சொன்னதில்லையாம்.

நியாயமாகச் சொன்னால் கல்லில் குற்றமில்லை. கூரைத் தண்ணீர் இறங்குகிற மூலையில் மழைக்கு மண் அரிக்கவில்லை. ஏசி யந்திரத்தைச் சுற்றியும் சுத்தமாக இருக்கிறது. அங்கேயெல்லாம் அப்படியே இருக்கட்டும். செடி நிற்கிற பாத்தியிலிருந்து மட்டும் எடுத்துவிட்டு, பழையபடி மூடாக்கு போடப் போகிறேன். அன்றைக்குப் போனில் கேட்டது அந்தச் சத்தம்தான். ஐம்பது வயதில், கூலியில்லாமல், கரிசலில் கல் பொறுக்குகிறேன். 'இலவசம், வந்து அள்ளிக்கொள்ளலாம்' என்று வாசலில் எழுதி வைத்தேன். இரண்டு பேர் வந்து ஆளுக்கு ஒரு வாளி அள்ளிக்கொண்டு போனார்கள். பெரியவர் இப்போதும் வேலியோரம்தான் நிற்கிறார். ஒன்றும் சொல்வதில்லை. அது இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

மார்ச்சில் நீங்களும் அத்தையும் வருவது உறுதிதானே? வரும்போது நல்ல களைக்கொத்தாக ஒன்று அடித்து எடுத்து வாருங்கள். இங்கே கிடைப்பதெல்லாம் கரிசலுக்கு வளைந்துவிடுகிறது. கைப்பையில் வைக்காதீர்கள், பெரிய பெட்டியில் துணிக்கு நடுவில் வையுங்கள். முக்கியமாக, மண் ஒட்டாமல் நன்றாகத் தேய்த்துக் கழுவிக் காயவைத்துக் கொண்டு வாருங்கள். வெளிநாட்டு மண் ஒரு பொட்டு இருந்தாலும் விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள். ரெண்டும் ஒரே கரிசல்தான் என்று நீங்கள் அவர்களோடு வாதாடப் போய்விடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்