பனிக்கட்டிக்கு மேலே 12 வோல்ற்று

கனடாவில் வீடு வாங்கிய தமிழனுக்கு ஒரு வீடு போதாது. முதல் வீட்டின் மோட்கேஜ் எப்படியும் 25 வருஷத்தில் முடிந்துவிடும் என்ற துணிச்சலில் இரண்டாவதைத் தேடத் தொடங்குவான். நானும் தேடினேன். ஸ்காபரோவிலிருந்து வடக்கே ஒரு மணித்தியாலம் கார் ஓடினால் சிம்கோ ஏரி. மற்றவர்கள் அதன் கரையில் காணி வாங்குகிறார்கள். எனக்கு ஏரியின் நடுவிலேயே ஒரு வீடு அமைந்தது. மோட்கேஜ் இல்லை, வீட்டு வரி இல்லை, அயலவரின் புல்வெட்டும் இயந்திரச் சத்தம் இல்லை. தை, மாசியில் குடியிருக்கலாம். மிச்சக் காலம் அது கராஜில் ஒரு பைக்குள் இருக்கும்.

பனிக்கட்டியில் மீன்பிடிக்கும் கூடாரத்தைத்தான் சொல்கிறேன். ஏரி உறைந்து இறுக வேண்டும். தனியாள் நடக்க 15 சென்ரிமீற்றர் தடிப்பு, ஸ்னோமொபைல் ஓட 25 சென்ரிமீற்றர் என்று கனடிய செஞ்சிலுவைச் சங்கம் கணக்குச் சொல்கிறது. அதன் பிறகு பையை இழுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு சுவரின் நடுவிலும் உள்ள பிடியை வெளியே இழுத்தால் 'டப்', 'டப்' என்று சுவர்கள் விறைத்து நிற்கும். நாலு மூலையிலும் பனிக்குள் ஆணி முறுக்க வேண்டும். முறுக்காவிட்டால் வீடு காற்றோடு பாரி நகரத்துக்குப் போய்விடும். ஒன்ராறியோவின் பல பகுதிகளில் பனிக்குடில்களுக்குப் பதிவு இலக்கம் வேண்டும். ஆனால் விரித்தபின் அடிப்பரப்பு 7 சதுர மீற்றருக்கு மேற்படாத துணிக் கூடாரத்துக்கு அது வேண்டாம். இந்த விலக்கை மனிசிக்குப் பெருமையோடு விளக்கினேன்.

"கக்கூஸ் இல்லாத வீட்டுக்கு நம்பர் குடுத்தால் நம்பருக்குத்தான் அவமானம்" என்றாள்.

வீட்டில் குறை ஒன்றே ஒன்று. உள்ளே கும்மிருட்டு. கூடாரத்தின் உட்புறம் வேண்டுமென்றே கறுப்பாகத்தான் வரும். உள்ளே இருட்டாக இருந்தால், ஆழம் குறைந்த தெளிந்த தண்ணீரில் துளை வழியே அடிமண் வரை பார்க்கலாம். பகலில் இது நல்ல ஏற்பாடு. ஆனால் தை மாதத்தில் ஐந்து மணியளவில் சூரியன் வேலை முடித்துப் போய்விடும். மீன் கடிக்கும் நேரமே பொழுதுபடும் நேரம்தான் என்பது என் மச்சானின் கொள்கை. மச்சான் என்றால் மனிசியின் தம்பி. பகலில் மீன் கடிக்காததற்கு அவன் வைத்திருக்கும் விளக்கம் இது. இரவில் கடிக்காததற்கு அவனிடம் வேறு விளக்கம் இருக்கிறது.

இருட்டில் தூண்டில் போடுவது என்னவென்று அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். காலடியில் எட்டு அங்குல அகலத்தில் ஒரு துளை, அதன் கீழே ஏரி. கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துப்போகும், கழற்றாவிட்டால் நூல் பிடிபடாது. தலைமுடித் தடிப்பு நைலோன் நூலை, எள்ளளவு ஓட்டைக்குள் கோர்க்க வேண்டும். கைத்தொலைபேசியைப் பல்லில் கடித்து வெளிச்சம் பிடித்தால், விடுகிற மூச்சு திரையில் பட்டு உறைகிறது. கோர்த்து முடித்த சந்தோஷத்தில் வாயைத் திறக்கக்கூடாது. திறந்தால் தொலைபேசி எங்கே போகும் என்பதை மேலே சொன்ன துளையின் அளவைக் கொண்டு ஊகிக்கலாம்.

அதனால் நெற்றியில் கட்டும் லைற் வாங்கினோம். அதில் ஒரு வசதி, பார்க்கும் இடமெல்லாம் வெளிச்சம். அதுவே சிக்கலும். இருவர் முகம் பார்த்துப் பேச முடியாது. நான் முதன்முதலாக மச்சானை நிமிர்ந்து பார்த்தபோது அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஜாக்கெற்றின் உள்பைக்குள் கைவிட்டான். "என்ன தம்பி தேடுறாய்?" என்றேன். "ஐசி அத்தான்" என்றான். இருட்டில் முகத்துக்கு நேரே வெளிச்சம் அடித்தால் அடையாள அட்டையை எடுப்பது, ஊரில் சோதனைச்சாவடிகளைக் கடந்து வளர்ந்த எங்கள் தலைமுறையின் கைகளுக்கு ஊறிய பழக்கம்.

அடுத்ததாக, பவர் பாங்கில் செருகும் ஒரு குட்டி யூஎஸ்பி விளக்கு. அரை நிமிடம் அழகாக எரியும், பிறகு தானாக அணைந்துவிடும். விளக்கு இழுக்கும் மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால், 'இங்கே எதுவும் செருகப்படவில்லை' என்று பவர் பாங்க் தீர்மானித்துவிடுகிறது. அதன் பொத்தானை விடாமல் அமத்திக்கொண்டிருக்க ஒரு ஆள் வேண்டும். அந்தப் பதவி மச்சானுக்குப் போனது. ஒரு கையில் பொத்தான், மறுகையில் தூண்டில். மீன் இழுத்தபோது அவன் தவறான கையை உயர்த்தினான் என்பதோடு அந்த ஆராய்ச்சி நிறைவுற்றது.

இந்தக் கட்டத்தில்தான் ஏரியின் மின்சாரத் துறையை நானே பொறுப்பெடுத்தேன். ஐந்து மீற்றர் எல்.இ.டி. நாடா, 12 வோல்ற்று, மூடிய ஈய-அமிலப் பற்றரி, 7 அம்பியர்-மணி. சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்து வேலை தொடங்கியபோது மனிசி வந்து நின்றாள்.

"இஞ்சாருங்கோ, பேஸ்மென்ற் படியில லைற் பத்தாமல் எவ்வளவு காலம்? ஏரிக்கு லைற் போடுற ஆள் அதையும் ஒருக்கால் பாக்கக்கூடாதே?"

அது 120 வோல்ற்று என்றும், என் துறை 12 வோல்ற்றோடு முடிகிறது என்றும் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். வீட்டு வேலையில் பூச்சியத்துக்கு இவ்வளவு மதிப்புக் கொடுத்த ஆளை அவள் பார்த்ததில்லையாம்.

பொறியியல் படிக்கும் மகள் வந்து பெட்டியில் இருந்த எழுத்தை வாசித்தாள். மீற்றருக்கு 4.8 வற்று. ஐந்து மீற்றருக்கு 24 வற்று. 12 வோல்ற்றில் அது 2 அம்பியர். 7 அம்பியர்-மணிப் பற்றரி கடதாசிக் கணக்கில் மூன்றரை மணித்தியாலம். "ஆனா அப்பா, அது வீட்டுக்குள்ள வெச்சால். வெளியில பாதியும் வராது. நாடாவைப் பாதியா வெட்டுங்கோ. உங்கட கூடாரத்துக்கு அதுவே கூட."

காசு கொடுத்து வாங்கிய ஐந்து மீற்றரை வெட்டுவதா? ஆனாலும் விஞ்ஞானத்துக்குத் தலைவணங்கினேன். 12 வோல்ற்று நாடாவில் மூன்று விளக்குகள் சேர்ந்து ஒரு தொகுதி, தொகுதிக்குத் தொகுதி ஒரு வெட்டுக்கோடு. கோட்டில் வெட்டினால் இரண்டு பக்கமும் எரியும். கோடு தவறினால் அந்தத் தொகுதியின் மூன்று விளக்கும் போய்விடும். என் நாடாவில் முனையிலுள்ள மூன்று விளக்குகள் எரிவதில்லை. அவை அலங்காரத்துக்கு. பற்றரியின் நேர்முனைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பியூஸும் போட்டேன். வயர் எங்காவது நசுங்கி ஒன்றோடொன்று முட்டினால் பியூஸ் போகும், கூடாரம் மிஞ்சும். என் முழு அமைப்பிலும் மனிசி பாராட்டிய ஒரே உறுப்பு அதுதான்.

நாடாவின் பின்பக்கத்தில் ஒட்டும் பசை இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் அது என் விரலோடும், மேசை விரிப்போடும், மகனின் வீட்டுப்பாடக் கொப்பியோடும் ஒட்டியது. ஏரியில் மற்ற எல்லாவற்றோடும் ஒட்டியதே தவிரக் கூடாரத்தோடு ஒட்டவில்லை. உறைபனி படிந்த துணியில் எந்தப் பசையும் நிற்காது. கூடாரத்தின் கம்புகளோடு பிளாஸ்ரிக் கட்டுநாடா போட்டு இறுக்குவதுதான் வழி. அதையும் வீட்டில், வெதுவெதுப்பில் செய்ய வேண்டும். குளிரில் நாடா விறைத்து, வளைத்தால் வெடிக்கும். ஆகவே வரவேற்பறையில் கூடாரத்தை விரித்தேன். சோபா கூடாரத்துக்குள் வந்துவிட்டது. வீட்டார் இரண்டு நாளாக அதன் சிப்பைத் திறந்து உள்ளே போய்த்தான் தொலைக்காட்சி பார்த்தார்கள்.

இனிப் பற்றரியின் குணத்தைச் சொல்ல வேண்டும். குளிரில் அதற்குள் நடக்கும் இரசாயன வேலை மந்தமாகிவிடும். கடையில் வாங்கும் சாதாரண அல்கலைன் பற்றரிக்குள் இருப்பது தண்ணீர்க் கரைசல். -20 பாகையில் அது ஏறக்குறையப் படுத்துவிடும். ஈய-அமிலப் பற்றரி -18 பாகையில் கிட்டத்தட்டப் பாதிக் கொள்ளளவை இழந்து நிற்கும். எல்.இ.டி. விளக்கு இதற்கு நேர்மாறு. குளிரக் குளிர இன்னும் கொஞ்சம் பிரகாசமாக எரியும். ஒரே வயரில் கட்டிவைத்த இருவரில் ஒருவருக்குக் குளிர் வேண்டும், மற்றவருக்குப் போர்வை வேண்டும். எங்கள் படுக்கையறையில் பல வருஷமாக நடப்பதும் இதுதான்.

1990களில் யாழ்ப்பாணத்தில் படித்தவனுக்கு இது புதுப் பாடம் இல்லை. போரினால் மின்சாரம் இல்லாத காலம். ரோச் பற்றரி தடைப் பட்டியலில் இருந்த பொருள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு போட்டு, சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, திரி கொளுத்திச் சோதனைக்குப் படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலை ஒருவர் கையால் சுற்ற, டைனமோவில் ரேடியோ செய்தி சொன்னது. செத்த பற்றரியை முற்றத்து வெயிலில் காயவைத்து இன்னொரு பாட்டுக் கேட்டோம். சூடு காட்டினால் பற்றரி கொஞ்சம் எழும்பும் என்ற அந்த ஞானத்தோடுதான் கனடாவுக்கு வந்தேன். வெயிலைத்தான் கொண்டுவர முடியவில்லை.

ஆகவே மீனை வைக்கக் கொண்டுபோன ஐஸ்பெட்டிக்குள் பற்றரியை வைத்தேன். அந்தப் பெட்டிக்கு வேறு வேலை வந்ததில்லை. பக்கத்தில் ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல், சுற்றிவர மாமியின் கம்பளிச் சால்வை. வயர் வெளியே வர ஒரு சிறு ஓட்டை. போத்தல் ஆறினால் என் தேநீர்ப் பிளாஸ்கிலிருந்து நிரப்புவோம். தேநீர் இல்லாமல் நடுங்கிக்கொண்டு, கதகதப்பாகப் படுத்திருக்கும் பற்றரியைப் பார்த்தபடி இருப்போம்.

பிறகு லிதியம் அயன் பொஸ்பேற் பற்றரிக்கு மாறினேன். பாரம் குறைவு, குளிரையும் ஓரளவு தாங்கும். ஆனால் பூச்சியத்துக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றக்கூடாது; உள்ளே லிதியம் உலோகமாகப் படிந்து பற்றரி கெட்டுவிடும். கராஜ் சரிவராது. அதனால் வீட்டுக்குள், சாமித் தட்டுக்குப் பக்கத்தில் உள்ள சொக்கற்றில் இடம் கொடுத்தேன். சார்ஜரில் ஒரு சிவப்பு வெளிச்சம் எரியும். "வாற ஆக்கள் அதையும் கும்பிட்டுப்போட்டுப் போகினம்" என்று மனிசி குறைப்பட்டாள். கும்பிடட்டுமே. கேட்டது கிடைக்கிறது, நான் சாட்சி.

விளக்கு எரிந்தது. எரிந்தபின் தெரிந்த சங்கதிகள் பல. உச்சியில் ஒற்றை விளக்கைத் தொங்கவிட்டால், குனிகிறவனின் தலைநிழல் சரியாகத் துளைமேல் விழும். நாடாவைச் சுவர்களின் மேல்விளிம்போடு சுற்றிவர ஓடவிட்டால் நிழல் கலைந்துவிடும். நாலு பக்கமும் கண்ணாடிபோன்ற பிளாஸ்ரிக் யன்னல். உள்ளே வெளிச்சம், வெளியே இருட்டு என்றால், உள்ளே இருப்பவருக்கு வெளியே எதுவும் தெரியாது. வெளியே போகிறவருக்கு உள்ளே எல்லாமே தெரியும். மச்சான் மூன்றடுக்குக் காற்சட்டையில் நடு அடுக்கைச் சரிசெய்ய எழும்பி நின்ற நேரத்தில் ஒரு ஸ்னோமொபைல் வேகம் குறைத்து, ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது. அன்றே யன்னலுக்குத் திரை போட்டோம்.

புரொப்பேன் ஹீற்றர் எரிந்தால் சூட்டோடு நீராவியும் வரும். அது கூரையில் பட்டுத் துளித்துளியாக நாடாமேல் சொட்டும். அதனால் சிலிக்கோன் பூசிய நாடாதான் நிலைக்கும். கார்பன் மொனொக்சைட்டும் வரலாம் என்பதால் காற்றுத் துவாரம் எப்போதும் திறந்திருக்க வேண்டும், எச்சரிக்கை மணியும் ஒன்று வேண்டும். இதில் மட்டும் எங்கள் வீட்டில் பகிடி இல்லை. அந்த மணிக்கும் பற்றரி வேண்டும். அந்தப் பற்றரிக்கும் குளிரும். அதற்கு -40 பாகை வரை தாங்கும் லிதியம் பற்றரியை வாங்கிக் கொடுத்தது மனிசி.

வெளிச்சத்தின் புகழ் ஏரியில் பரவியது. பக்கத்துக் கூடாரத்தார் தூண்டில் முடிச்சுப் போட எங்களிடம் வருவார்கள். வந்தவர்களுக்கு மட்டன் ரோல் கொடுப்போம். முடிச்சை இங்கே போட்டு, மீனை அங்கே பிடித்தார்கள்.

ஒருநாள் மாலை இயற்கைவளத் துறை அதிகாரி ஒருவர் சிப்பைத் திறந்து எட்டிப்பார்த்தார். மீன்பிடி அனுமதி அட்டை கேட்டார். இந்த முறை மச்சான் உள்பைக்குள் கைவிட்டது வீண்போகவில்லை. அதிகாரி நிமிர்ந்து நாடாவைச் சுற்றிவரப் பார்த்தார். ஒன்ராறியோவில் செயற்கை வெளிச்சம் காட்டித் தூண்டில்காரன் மீனைக் கவரக்கூடாது. தூண்டிலோடு சேர்ந்த இரையில் வெளிச்சம் இருந்தால் மட்டும் பரவாயில்லை. இந்த விளக்கு எதற்கு என்று கேட்டார். ஆட்கள் பார்ப்பதற்கு என்றேன். மீன் இதைத் தேடி வருவதில்லையா என்றார்.

நான் எழுந்து ஐஸ்பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினேன். சால்வை, சுடுதண்ணீர்ப் போத்தல், பற்றரி. அவர் அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு, குற்றமின்மைக்கு இவ்வளவு தெளிவான ஆதாரத்தைத் தான் கண்டதில்லை என்று சொல்லி, ஒரு ரோலும் எடுத்துக்கொண்டு போனார்.