பேனாவும் பீனல் கோடும்

கே: கதை எழுதி எந்தச் சட்டமாவது மாறியிருக்கிறதா?

ப: அமெரிக்காவில் மாறியது. சிகாகோ இறைச்சிக்கூடத் தொழிலாளர் படும் பாட்டை அப்டன் சின்க்ளேர் 1906-இல் ‘தி ஜங்கிள்’ நாவலாக்கினார். படித்தவர்களோ தங்கள் தட்டில் கிடந்த கறியை நினைத்துத்தான் பதறினார்கள். அதே ஆண்டு ஜூனில் இறைச்சிச் சோதனைச் சட்டம் வந்துவிட்டது. கறிக்கு நீதி கிடைத்தது, வெட்டியவனுக்குக் கிடைக்கவில்லை.

கே: நாடகம் பார்த்து மந்திரி மனம் மாறுவாரா?

ப: வின்ஸ்டன் சர்ச்சிலே மாறினார். 1910-இல் அவர் பிரிட்டனின் உள்துறை அமைச்சர். அவருக்கு முன்பிருந்த அமைச்சருக்குத் தனிச்சிறைக் கொடுமை பற்றிப் பகிரங்கக் கடிதமே எழுதிப் பார்த்தவர் நாடகாசிரியர் கால்ஸ்வொர்த்தி. அடுத்து ‘ஜஸ்டிஸ்’ நாடகத்தை மேடையேற்றினார். ஒன்பது பவுண்டு காசோலையைத் தொண்ணூறாகத் திருத்திய குமாஸ்தா தனிக் கொட்டடியில் கிடக்கிறான். அந்தக் காட்சியில் ஒரு வசனம் கிடையாது. நடக்கிறான், நிற்கிறான், காது கொடுத்துக் கேட்கிறான். தூரத்தில் எவனோ கதவை இடிக்கும் சத்தம் நெருங்கி நெருங்கி வருகிறது. இவனும் பாய்ந்து தன் கதவை மடார் மடாரென்று குத்துகிறான். திரை! சர்ச்சில் தனிச்சிறைக் காலத்தைக் குறைத்தார். வாய் திறக்காமல் ஜெயித்த ஒரே வக்காலத்து இதுதான்.

கே: நம் நாட்டில்?

ப: வங்காளத்து அவுரி விவசாயிகள் பட்ட அடியை 1860-இல் ‘நீல் தர்பண்’ நாடகமாக்கினார், தபால் இலாகா ஊழியர் தீனபந்து மித்ரா. ஆங்கிலத்தில் அதை வெளியிட்ட ஜேம்ஸ் லாங் பாதிரியாருக்கு ஒரு மாதச் சிறை, 1,000 ரூபாய் அபராதம். காளிபிரசன்ன சிங்கா அபராதத்தைக் கட்டினார். நாடகம் சுடவில்லையென்றால் தோட்டத் துரைமார் கோர்ட்டுக்கு ஓடியிருப்பார்களா?

கே: ராமன் மேலேயே வழக்குப் போட்ட எழுத்தாளர் உண்டா?

ப: புதுமைப்பித்தன். ‘சாப விமோசன’த்தில், சீதை தீக்குளித்த சேதி கேட்டு அகலிகை மறுபடி கல்லாகிறாள். அகலிகைக்கு ஒரு சட்டம், சீதைக்கு ஒரு சட்டமா? எதிர்த்தரப்பு இன்னும் பதில் மனு தாக்கல் செய்யவில்லை.

கே: கதை பிடிக்காவிட்டால் கோர்ட்டுக்குப் போகலாமா?

ப: பெருமாள்முருகனின் ‘மாதொருபாக’த்துக்கு எதிராகப் போனார்கள். பிடிக்காத புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போகலாமே என்றது சென்னை உயர் நீதிமன்றம், 2016 ஜூலை 5-இல்.

கே: தமிழின் முதல் நாவலை எழுதியவர் நீதிமன்றத்துக்காரராமே?

ப: ஆமாம், மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை. நாவல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’, 1879. தமிழ்நாட்டுக் கோர்ட்டில் தமிழில் வாதாடினால் என்ன என்று அதிலேயே கேட்டார். உயர் நீதிமன்றத் தீர்ப்பு இன்றும் ஆங்கிலத்தில்தான் வருகிறது.